கரடித் தோல்: தாயத்து முதல் பட்டாளத் தொப்பி வரை

கரடித் தோல் என்பது முடியோடு உரித்துப் பதனிட்ட தோல். அதில் செய்த பட்டாளத் தொப்பிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்: பேர்ஸ்கின். குளிர் நாட்டார் இந்தத் தோலைப் போர்த்தினார்கள், விரித்துப் படுத்தார்கள். வெயிலில் காயும் தமிழ்நாட்டுக்குப் போர்வை எதற்கு? கரடியிடம் வேண்டியிருந்தது நாலு முடிதான். கரடி வித்தைக்காரரிடம் வாங்கித் தாயத்தில் அடைத்து, பயந்த குழந்தைக்குக் கட்டுவார்கள். இன்று இந்தியாவில் அந்த முடியை விற்பதே குற்றம்.

தொப்பியின் கதை வேறு. கையெறி குண்டு வீசும் கிரனேடியர் வீரர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி இடைஞ்சலாக இருந்தது. அதனால் விளிம்பில்லாத, உயரமான தொப்பி வந்தது. ஆளை நெட்டையாகக் காட்டி எதிரியை மிரட்டவும் அது உதவியது. நெப்போலியனின் காவல் படைக் கிரனேடியர்களும் கரடித் தொப்பியே அணிந்தார்கள். 1815-இல் வாட்டர்லூ போரில் அவர்களை முறியடித்ததாகச் சொல்லி, பிரிட்டனின் முதல் காவல் படை கிரனேடியர் என்ற பெயரையும் தொப்பியையும் பெற்றது. உண்மையில் அவர்கள் எதிர்கொண்டது ஷாஸர் என்ற வேறு பிரிவை என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. பெயர் நிலைத்துவிட்டது.

இன்று லண்டன் அரண்மனைக் காவலர்கள் தலையில் இருப்பது கனடாக் கருங்கரடியின் தோல். உள்ளே பிரம்புக் கூடு, மேலே தோல். உயரம் சுமார் 45 சென்டிமீட்டர், எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தொப்பியின் சங்கிலி தாடைக்குக் கீழே போகாது. கீழுதட்டை ஒட்டியே நிற்கும். ஒரு தொப்பிக்கு ஒரு கரடியாவது வேண்டும், விலையும் 2,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. விலங்கு நல அமைப்புகள் செயற்கை முடியை மாற்றாகக் காட்டுகின்றன. அது தரத் தேவைகளுக்கு ஈடாகவில்லை என்கிறது பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு.

ஆனால் கரடித் தோல் இல்லாமலும் அந்த அரண்மனைக் காவல் நடந்திருக்கிறது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாக் கடைகளில் அடுக்கியிருக்கும் சொங்கோக், கறுப்பு வெல்வெட்டில் தைத்த எளிய தொப்பி. 2008-இல் அரச மலாய் ரெஜிமெண்டின் முதல் படைப்பிரிவு பக்கிங்ஹாம் அரண்மனையில் காவல் ஏற்றபோது, சொங்கோக்கும் இடுப்பில் சுற்றும் சம்பின் துணியுமாகவே நின்றது. கம்பீரத்துக்குக் கரடி தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மலேசியக் காட்டின் சூரியக் கரடி, உலகக் கரடிகளில் மிகச் சிறியது. மார்பில் மஞ்சள் பிறை, உடலெங்கும் கட்டையான முடி. தொப்பிக்கு ஆகாத அதையும் வேட்டைக்காரர்கள் விடவில்லை. பித்தப்பைக்காகவும் நகத்துக்காகவும் கொல்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறப்பு அனுமதியின்றி அதன் தோலையோ நகத்தையோ வைத்திருப்பதே குற்றம். தாயத்துக்கு என்று யாராவது நீட்டினாலும் வாங்கிவிட வேண்டாம்.