உங்களுக்குத் தெரியுமா? மேக்ரோ எங்கே தொடங்குகிறது

பெங்களூர் காக்ஸ் டவுனில் மழை விட்ட மறுநாள் காலை, ஏதாவது ஒரு பழைய வீட்டின் காம்பவுண்டுச் சுவரை உற்றுப் பாருங்கள். குதிக்கும் சிலந்தி, நத்தைக் குஞ்சு, எறும்புச் சாரை என்று அங்கே ஒரு ஊரே நடமாடும். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஆசையோடு குனிவதும் அங்கேதான். எடுக்கிற படம் மேக்ரோவா, வெறும் க்ளோஸ்-அப்பா?

● ஒரு பொருள் நிஜத்தில் இருக்கிற அதே அளவில் சென்சாரின் மேல் விழுந்தால் அது 1:1. கறாரான வரையறைப்படி மேக்ரோ அங்கிருந்துதான் ஆரம்பம். 10 மி.மீ. எறும்பு சென்சாரிலும் 10 மி.மீ. இருக்க வேண்டும். பாதியாக விழுந்தால் 1:2, அது க்ளோஸ்-அப். பத்து மடங்கைத் தாண்டினால் மைக்ராஸ்கோப்பின் ராஜ்யம். படத்தை வெட்டிப் பெரிதாக்குவது இந்தக் கணக்கில் சேராது.

● இந்தக் கணக்கு பிலிம் காலத்தில் கைக்கு எட்டுவதாக இருந்தது. கழுவிய நெகட்டிவின் மேல் அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம். அன்றைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவு 36 × 24 மி.மீ. இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சாரும் அதே அளவுதான்.

● உங்கள் லென்ஸைச் சோதிக்க ஒரு ரூபாய் போதும். 2011-இல் அறிமுகமான ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் கேமராவில், லென்ஸ் எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போய் எடுங்கள். நாணயம் படத்தின் உயரத்தை அநேகமாக நிரப்பினால் 1:1. ஏ.பி.எஸ்-சி கேமராவில் சென்சாரின் உயரமே சுமார் 15 மி.மீ.தான், அங்கே 1:1-இல் முழு நாணயமும் படத்துக்குள் அடங்காது.

● எல்லாவற்றுக்கும் 1:1 வேண்டும் என்று நினைப்பது வீண். கர்நாடகத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியான சதர்ன் பேர்ட்விங் இறக்கை விரித்தால் 14 முதல் 19 செ.மீ. ஃபுல் ஃப்ரேமில் அதற்கு 1:4, 1:5 போதும். தமிழ்நாடு 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் 6 முதல் 7.5 செ.மீ.; 1:2 தாராளம். ஆனால் புல்வெளியில் தாழப் பறக்கும் கிராஸ் ஜுவல் விரித்தாலே 2 செ.மீ. அளவுதான். அது இறக்கையை மூடி உட்காரும்போதுதான் மேக்ரோ லென்ஸின் அருமை தெரியும். எதை எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுக் காசைச் செலவழிப்பதே நல்லது.

● லென்ஸில் "மேக்ரோ" என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரோடு விற்ற 70–300 ஜூம்களில் சிலவற்றுக்கு உச்சமே 1:2. கேனானின் பழைய 50 மி.மீ. காம்பாக்ட் மேக்ரோவும் 1:2 தான். அதே நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த 100 மி.மீ. ஆர்.எஃப். லென்ஸோ 1.4 மடங்குவரை போகும். கடையில் முதலில் விகிதத்தைக் கேளுங்கள்.

● 1:1-இல் லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். எறும்பின் கண் கூர்மையாக இருந்தால் வயிறு கலங்கிப்போகும். துளையைச் சுருக்கி எஃப் 16-க்குப் போனால் ஆழம் கூடும். ஆனால் சிறு துளையில் ஒளி பரவும், அந்த டிஃப்ராக்‌ஷனால் படம் மொத்தமும் மழுங்கும். கண்ணை மட்டும் பிடியுங்கள், மற்றது தானே நிற்கும். சிலர் ஃபோகஸை நூலிழை நூலிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குகிறார்கள். அதற்குப் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும்.

● வெளிச்சமும் குறையும். 1:1-இல் சென்சாருக்கு வருவது வழக்கமான ஒளியில் கால் பங்குதான். அதனால்தான் மேக்ரோ எடுப்பவர்கள் ஃபிளாஷும், அதன் முன்னால் ஒளியை மென்மையாக்க ஒரு வெள்ளைத் திரையும் வைத்திருப்பார்கள்.

● கையில் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறதா? அதற்கும் கேமராவுக்கும் நடுவே மொத்தம் 50 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டால் 1:1 வந்துவிடும். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய், விலை குறைவு. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

● மொபைலில்? 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 செ.மீ. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும். கறாரான கணக்கில் அது 1:1 ஆகாது. ஆனாலும் சென்சார் மிகச் சிறியது என்பதால் எறும்பு திரையில் பெரிதாகத் தெரியும். அவ்வளவு அருகில் போனின் நிழல் பூச்சிமேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள்.

● மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளுக்கு நடுவே தனியாக ஒன்று திரிந்தால் அதன் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது முசுறு வேஷம் போட்ட சிலந்தி! முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்புபோல் தூக்கிப் பிடித்திருக்கும். தொந்தரவு செய்தால் நூல் விட்டுத் தொங்கும். வெறும் கண்ணை ஏமாற்றிவிடும். நல்ல மேக்ரோ படத்தில் அதன் பெரிய முன்கண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

● அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகள் 15, 16 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் பூச்சிகள் தாமாகவே மந்தமாக உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய் எடுங்கள். எடுத்தபின் பூச்சியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.