ஒரு புள்ளியில் வந்த கோப்பை!

சென்னையில் இருந்து கோவைக்குப் போகும் ரெயில், காட்பாடியைத் தாண்டியதும் பாலாற்றுப் பக்கமாகவே ஓடுகிறது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஸ்டேஷன்கள் வருகின்றன. ஜன்னல் ஓரத்தில் இருப்பவருக்கு முதலில் வாசனை தெரியும். பிறகுதான் ஊர் தெரியும். தோல் ஷாப்புகளின் வாசனை அது.

மழை இல்லாத மாதங்களில் பாலாறு வெறும் மணல். மாலை நேரத்தில் அந்த மணலில் பையன்கள் பந்து உதைப்பார்கள். இந்தப் பக்கம் இரண்டு செருப்பு. அந்தப் பக்கம் இரண்டு செருப்பு. அதுதான் கோல்! ஊரே ஷூ தைக்கும் ஊர். பந்து உதைக்கும் பையன்களுக்கோ வெறும் கால்!

அவர்கள் உதைக்கும் பந்திலும் தோல் கிடையாது. தாத்தா காலத்தில் கால்பந்து என்றால் மாட்டுத் தோல். உள்ளே ரப்பர் பை. வெளியே ஷூவுக்குக் கட்டுவது போலக் கயிறு. மழையில் நனைந்தால் பந்து கல்லாகக் கனக்கும். தலையால் முட்டியவனுக்கு நெற்றி சிவக்கும். உலகக் கோப்பைப் பந்தயத்தில் 1986-ம் ஆண்டு முதன்முதலாகத் தோல் இல்லாத பந்து வந்தது. அதன் பிறகு தோல் பந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பந்து இருக்கட்டும். இந்த ரெயில் பாதையின் ஒரு முனை சென்னை, மறு முனை கோவை. இரண்டு முனையும் சொந்தமாக இருந்த கால்பந்துக் கோஷ்டி ஒன்று உண்டு. பெயர் சென்னையில், மைதானம் கோவையில்!

பெயர் ஓர் ஊர், வீடு ஓர் ஊர்

அந்தக் கோஷ்டியின் பெயர் சென்னை சிட்டி. 1946-ம் ஆண்டு நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் பிறந்தது. பல ஆண்டுகள் சென்னை நகரப் பந்தயங்களில் விளையாடியது. 2016-17-ல் ஐ-லீக் என்ற அகில இந்தியப் போட்டியில் நுழைந்தது.

அப்போது இந்தியாவில் இரண்டு லீக் நடந்தன. ஒன்று ஐ.எஸ்.எல். அதில் பணம் உண்டு, சினிமா நட்சத்திரங்கள் உண்டு, வெளிச்சம் உண்டு. மற்றொன்று ஐ-லீக். அதுதான் பழையது. ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் போகும் தெருவில் குடத்தோடு தண்ணீருக்கு நிற்கும் பெண்ணைப் போல அது ஒதுங்கி நின்றது. 2018 டிசம்பரில், சீசன் பாதியில் இருக்கும்போது, எல்லாப் பந்தயங்களையும் டெலிவிஷனில் காட்டப் போவதில்லை என்று அறிவிப்பு வந்தது. பெற்ற பிள்ளை கோல் போடுவதை வீட்டில் இருந்து பார்க்க முடியாத நிலை!

சென்னையில் ஐ.எஸ்.எல். கோஷ்டியான சென்னையின் எப்.சி. இருந்தது. சென்னை சிட்டியோ சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, கோவை நேரு ஸ்டேடியத்தில் குடியேறியது. கோவைக்காரர்கள் "இது எங்கள் ஊர் கோஷ்டி" என்று எடுத்துக்கொண்டார்கள். பெயரைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை.

2017-18-ல் இந்தக் கோஷ்டி 10 கோஷ்டிகளில் 8-வதாக வந்தது. அடுத்த ஆண்டு இதற்குக் கோப்பை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தோல் மண்டியில் பொறுக்கியது போல

தோல் மண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். குவியலைப் புரட்டி, ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்து, தரம் பிரிப்பார்கள். பெரிய வியாபாரி முதல் தரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மீதிக் குவியலில் நல்ல தோல் எது என்று கண்டுபிடிக்கிறவர்தான் கெட்டிக்காரர்.

சென்னை சிட்டிக்கு அப்படி ஒரு கெட்டிக்காரர் கிடைத்தார். பயிற்சியாளர் அக்பர் நவாஸ். சிங்கப்பூர்க்காரர். கோஷ்டிக்கு ஸ்பெயின் தேசத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே பெரிய கிளப்புகளில் கொடிகட்டிப் பறந்தவர்கள் அல்ல. கீழ்ப்படி லீக்குகளில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். முன்வரிசையில் பெட்ரோ மான்சி. நடுவில் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ. பின்வரிசையில் எஸ்லாவா. கோல் காக்க நவ்செட் சந்தானா.

இவர்களோடு தமிழ்நாட்டுப் பையன்கள். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ, அஜித்குமார், சார்லஸ் ஆனந்தராஜ், பிரவிட்டோ ராஜு. வெளிநாட்டுக்காரர் வந்தால் உள்ளூர்ப் பையன் வெளியே உட்கார வேண்டும் என்பது பல கோஷ்டிகளில் வழக்கம். இங்கே அப்படி இல்லை. ஸ்பெயின்காரர் பந்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், பக்கவாட்டில் ஒரு தமிழ்ப் பையன் ஓடிக்கொண்டிருப்பான். பந்து அவன் காலுக்குப் போகும்.

பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவது அவர்கள் பழக்கம் அல்ல. தரையோடு தரையாக, ஊசியில் நூல் கோப்பது போல, ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் போகும். பார்ப்பதற்கு அழகு. நடுவே ஒரு கால் தவறினால் ஆபத்து. 20 பந்தயங்களில் இவர்கள் போட்ட கோல் 48. வாங்கிய கோல் 28! கோப்பை வாங்கிய கோஷ்டிக்கு 28 என்பது கொஞ்சம் அதிகம்தான். பணத்துக்குக் குறைவில்லாத ஆட்டம் என்று ரசிகர்கள் வந்தார்கள்.

நாலரை மாதக் கணக்கு

லீக் என்பது ஒரே நாளில் முடியும் பந்தயம் அல்ல. அந்த ஆண்டு 11 கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற பத்துக் கோஷ்டிகளோடும் இரண்டு தடவை மோத வேண்டும். ஒரு தடவை தன் ஊரில், ஒரு தடவை அவர்கள் ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி. சமம் ஆனால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குக் கோப்பை. ஷூ கம்பெனியில் மாதக் கடைசியில் ஜோடிக் கணக்குப் பார்ப்பது போலத்தான். ஒரு நாள் அசந்தாலும் கணக்கில் தெரிந்துவிடும்.

2018 அக்டோபர் 26-ந்தேதி கோவையில் முதல் பந்தயம். எதிரே இந்தியன் ஆரோஸ் என்ற இளைஞர் கோஷ்டி. சென்னை 4-1 என்று ஜெயித்தது. மான்சி மட்டும் 3 கோல்! "யார் இந்த ஆள்?" என்று அன்று கேட்டார்கள். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல் இருந்தது. அதற்கு மேல் யாரும் போடவில்லை. சர்ச்சில் பிரதர்ஸ் கோஷ்டியின் வில்லிஸ் பிளாசா மட்டும் அதே 21 போட்டார்.

கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் என்று ஒரு கோஷ்டி. 1920-ல் தொடங்கியது. அதன் பந்தயம் என்றால் அங்கே வேலை நிற்கும், வீட்டில் சமையல் நிற்கும். அந்தக் கோஷ்டியைச் சென்னை சிட்டி அவர்கள் ஊரிலேயே 2-1 என்று தோற்கடித்தது. பிறகு பொங்கல் சமயத்தில் கோவையில் மோதியபோதும் 2-1 என்று ஜெயித்தது. மீதி ஆண்டு முழுவதும் இந்த இரண்டு கோஷ்டிகளும்தான் ஒன்றை ஒன்று துரத்தின. சென்னை முன்னே, ஈஸ்ட் பெங்கால் பின்னே.

கடைசிப் பந்தயத்துக்கு முந்திய பந்தயத்திலேயே கோப்பையை முடித்திருக்கலாம். சர்ச்சில் பிரதர்ஸை ஜெயித்தால் போதும். ஆனால் சென்னை சிட்டி 3-2 என்று தோற்றது!

இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னை 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. ஆளுக்கு ஒரு பந்தயம் பாக்கி. இரண்டும் ஒரே நாள், ஒரே நேரம்.

3-வது நிமிடம்

2019 மார்ச் 9-ந்தேதி, சனிக்கிழமை. கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப். முந்திய ஆண்டின் சாம்பியன் அவர்கள்தான். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. ஈஸ்ட் பெங்கால் அங்கே ஜெயித்துவிட்டால், சென்னைக்குச் சமம் போதாது. ஜெயித்தே ஆக வேண்டும்.

பந்தயம் தொடங்கி 3-வது நிமிடம். கூட்டம் இன்னும் உட்காரக்கூட இல்லை. மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார்! ஸ்டேடியம் அமைதியானது.

அதன் பிறகு 50 நிமிடத்துக்கு மேல் அந்த ஒரு கோல் அப்படியே நின்றது. சென்னை தட்டியது, முட்டியது. கதவு திறக்கவில்லை. இடைவேளை வந்தது. 0-1. நாலு மாதத்துக்கு மேல் முன்னே ஓடிய கோஷ்டி, கடைசி 45 நிமிடத்தில் எல்லாவற்றையும் இழக்கும் நிலை.

56-வது நிமிடம். பெனால்டி! பந்தை வைத்துவிட்டு மான்சி பின்னால் போய் நின்றார். 12 கஜ தூரம். எதிரே ஒரே ஒரு ஆள். ஆண்டு முழுவதும் கோல் போட்ட காலுக்கு அன்று நடுங்காமல் இருந்தது பெரிய காரியம். பந்து உள்ளே போயிற்று. 1-1.

அடுத்து வந்தவர் கௌரவ் போரா. கோல் போடுவது அவர் வேலையே அல்ல. பின்வரிசைக்காரர், இருபது வயது அஸ்ஸாம் பையன். 69-வது நிமிடத்தில் அவர் முன்னே வந்து கோல் போட்டார். 2-1!

அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் ஒரு கோல் போட்டது. "இனிமேல் என்ன பயம்?" என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்கள் ஈஸ்ட் பெங்காலை அறியாதவர்கள். அங்கே சில நிமிடங்களுக்குள் இரண்டு கோல் திருப்பிப் போட்டு 2-1 என்று முன்னேறிவிட்டார்கள். கோவையில் மினர்வா ஒரு கோல் போட்டால் போதும், கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும்.

அந்தக் கோல் வரவில்லை. முடியும் தறுவாயில் மறுபடியும் போரா! 3-1. விசில் ஊதினார்கள்.

சென்னை 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. தமிழ்நாட்டுக் கோஷ்டி ஒன்று ஐ-லீக் கோப்பையை வாங்கியது அதுவே முதல் தடவை.

கோப்பைக்குப் பிறகு

அதே 2019-ல் இந்தியக் கால்பந்து நிர்வாகிகள் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் நாட்டின் முதல் லீக் ஐ.எஸ்.எல். தான். ஐ-லீக் அடுத்த படிக்கு இறங்கியது. அந்தப் படியில் இருந்து மேலே போக அப்போது ஏணி வைக்கவில்லை. முதலாவதாக வந்தவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஜப்பானில் அப்படி அல்ல. அங்கே லீக்குகள் படிப்படியாக இருக்கின்றன. கீழ்ப் படியில் நன்றாக ஆடியவர் மேல் படிக்குப் போகலாம். மோசமாக ஆடியவர் இறங்க வேண்டும். இமாபாரி என்று ஒரு ஊர். ஆம்பூருக்குத் தோல் போல அந்த ஊருக்குத் துண்டு. தேங்காய்ப்பூத் துண்டு நெய்தே பேர் வாங்கிய ஊர். ஜப்பான் தேசிய கோஷ்டிக்கே பயிற்சியாளராக இருந்த தகேஷி ஒகாடா, அந்த ஊர்க் கோஷ்டியை 2014-ல் ஏற்று நடத்தத் தொடங்கினார். 2019-ல் நாலாவது படி லீக்கில் 16 கோஷ்டிகள். இமாபாரி மூன்றாவதாக வந்தது. முதலாவதாக வந்தது ஹோண்டா மோட்டார் கம்பெனியின் கோஷ்டி. பெரும்பாலும் கம்பெனிச் சிப்பந்திகள். அவர்களுக்கு மேலே ஏறும் எண்ணம் இல்லை. வேலையும் ஆட்டமும் போதும் என்று இருந்துவிட்டார்கள். இமாபாரி ஏறியது. 2025-ல் இரண்டாவது படியில் ஆடியது.

அந்த இரண்டாவது படிக்குத்தான் நம்முடைய மான்சியும் போனார்! கோவையில் 21 கோல் போட்டவரை ஜப்பானின் நிகாட்டா நகரத்து அல்பிரெக்ஸ் கோஷ்டி 2020-ல் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்திய சில மாதங்களில் ஒரு ஜப்பான்காரர் இங்கே வந்திருந்தார். கட்சுமி யூசா. மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் ஆடியவர். 2019-20-ல் சென்னை சிட்டிச் சட்டை போட்டார்.

தமிழ்ப் பையன்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். எட்வின் சென்னையின் எப்.சி.க்கு. ரொமாரியோ கோவாவுக்கு. அஜித்குமார் பெங்களூருக்கு. மூன்றும் ஐ.எஸ்.எல். கோஷ்டிகள். கோஷ்டி ஏற முடியாத படியில் ஆட்டக்காரர்கள் தனித்தனியாக ஏறினார்கள்.

2020 ஜனவரியில் சென்னை சிட்டி ஆசியச் சாம்பியன் போட்டியின் முதல் சுற்றில் பஹ்ரைன் தேசத்து ரிஃபா கோஷ்டியோடு ஆடி, 1-0 என்று தோற்றது. மார்ச்சில் கொரோனா வந்தது. சீசன் பாதியில் நின்றது. 2020-21 பந்தயங்கள் எல்லாம் வங்காளத்திலேயே நடந்தன. கோவை ரசிகருக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

ஏணி பிறகுதான் வந்தது. 2022-23 சீசனில் ஐ-லீக்கில் ஜெயித்தவருக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் என்று வைத்தார்கள். அந்த ஏணியில் முதன்முதலில் ஏறிய கோஷ்டி எது தெரியுமா? பஞ்சாப். பெயரும் முதலாளியும் மாறியிருந்தாலும், 2019 மார்ச் 9-ந்தேதி கோவையில் 3-1 என்று தோற்றுப் போன அதே கோஷ்டி!