காதைப் பொத்தும் பிள்ளையை அதட்டாதீர்கள்

கல்யாண மண்டபங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி இது. கெட்டிமேளம் முழங்கியதும் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். பெரியப்பா அவன் கையைப் பிடித்து இழுக்கிறார். "அடம் பிடிச்சா போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்கிறார் அத்தை. சுற்றி நிற்பவர்களில் ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார். பையனுக்கு ஆட்டிசம் இருப்பது இவர்கள் எல்லோருக்கும் தெரியும்!

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுகை எல்லாம் மிகக் கூர்மையாக உறைக்கும். மிக்ஸி சத்தம், டியூப்லைட் துடிப்பு, சட்டைக் காலர் உரசல் என்று நாம் கவனிக்காமல் விடுகிற எல்லாம் அவர்கள்மேல் ஒன்றாக வந்து குவியும். தாங்க முடியாத கட்டத்தில் அலறுவார்கள், ஓடுவார்கள், தலையை முட்டிக்கொள்வார்கள். சிலர் பேச்சற்று உறைந்துவிடுவார்கள். அடம்பிடிக்கும் பிள்ளை, கேட்டது கிடைத்தால் அடங்கிவிடும். ஆனால் இந்த அலறல் பொம்மைக்கும் அடங்காது, பிரம்புக்கும் அடங்காது.

அந்த நேரத்தில் முதல் வேலை, பிள்ளையைச் சத்தத்திலிருந்து வெளியே கொண்டுபோவது. மணமகள் அறையோ, வெளியே நிற்கும் காரோ போதும். விளக்கை அணையுங்கள். ஒருவர் மட்டும் அருகில் இருங்கள். கேள்வி கேட்காதீர்கள். இறுக்கிய அணைப்பு சிலருக்கு ஆறுதல், சிலருக்கு வலி; எது என்று அம்மாவிடம் முன்பே கேட்டு வையுங்கள். தலையை முட்டினால் நடுவே தலையணையை வையுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள். அடிக்காதீர்கள்.

அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 'முத்திரை குத்திவிடுவார்கள்' என்று பயந்து இதைத் தள்ளிப்போடும் பெற்றோர் ஏராளம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்றுடன் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும். அங்கே ஆட்டிசத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் 'ஐ.எஸ்.ஏ.ஏ.' அளவுகோலில் புலன் உணர்வுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அன்றைக்குப் பார்த்துப் பிள்ளை அமைதியாக இருக்கலாம். அதனால் எந்தச் சத்தத்துக்கு என்ன ஆனது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தேதியோடு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். ஆசிரியரின் கடிதத்தையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால்தான் பல சலுகைகள் திறக்கும்.

பள்ளியில் தனி இடம், தேர்வில் கூடுதல் நேரம் எதுவானாலும் வாயால் கேட்காதீர்கள். தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கும் இழுத்தடித்தால் மாநில ஆணையரிடம் புகார். இன்று போய் நாளை வா என்று அலைக்கழிக்கும் மேசைகளுக்கு எழுத்து மூலமான மனு ஒன்றுதான் உறைக்கும். மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அதே 2016 சட்டத்தின் 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்பதும் நினைவிருக்கட்டும்.

தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை எல்லோருக்கும் மறுபடியும் சொல்கிறேன்: அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். சத்தத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் பிள்ளையை வெளியே கூட்டிப்போங்கள்.