வெள்ளிமலை நண்பன் ஏன் சிலையானான்?



நீங்கள் இருப்பது கள்ளக்குறிச்சியில். உங்கள் நண்பன் இருப்பது கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, இருவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆன்லைனில் விளையாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெயிக்கப்போகும் நேரத்தில் அவனுடைய பொம்மை மட்டும் அப்படியே சிலை போல நின்றுவிடுகிறது. ஆட்டம் போச்சு! "தோத்துடுவோம்னு பயந்து ஓடிட்டான்" என்று மறுநாள் அவன்மேல் பழி.

அவன் ஓடினானா, இல்லை வேறு ஏதாவது நடந்ததா? பழி சொல்லும் முன் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போமா!

விரலில் தொடங்கும் பயணம்

நீங்கள் திரையைத் தொட்டதும் அந்தச் செய்தி சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கிளம்புகிறது. முதலில் ரேடியோ அலையாக வீட்டு வைஃபை பெட்டிக்கோ, செல்போன் டவருக்கோ போகிறது. அங்கிருந்து மண்ணுக்கடியில் உள்ள கண்ணாடி இழைக் கேபிள் வழியாகப் பெரிய ஊர்களுக்குப் போய், கடைசியில் ஆட்டத்தை நடத்தும் 'சர்வர்' என்ற கணினியை அடைகிறது. அந்த சர்வர் மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். பதில் மறுபடி உங்களிடம் வர வேண்டும். இப்படிப் போய்வர ஆகும் நேரத்துக்குத்தான் 'பிங்' என்று பெயர். இதை மில்லி செகண்டில் சொல்வார்கள். 1,000 மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு விநாடி.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2002-ல் போடப்பட்ட கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள் பார்ப்போம்! போக 16, வர 16, மொத்தம் 32 மில்லி செகண்ட். எவ்வளவு விலை கொடுத்துப் போன் வாங்கினாலும் இந்த 32-ஐக் குறைக்க முடியாது. வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தமும் இதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும்.

பிங் 50-க்குள் இருந்தால் ஜோர். 100 வரை சமாளிக்கலாம். 200-ஐத் தாண்டினால், வேகமான ஆட்டங்களில் நீங்கள் குறி வைக்கும்போது எதிராளி அங்கே இருக்கமாட்டார்!

அகலம் வேறு, தூரம் வேறு

"அப்பா, இன்னும் பெரிய பிளான் போடுங்க" என்று அடம்பிடிக்கிறீர்களா? பிளானில் சொல்லும் 'எம்.பி. வேகம்' என்பது சாலையின் அகலம் போன்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் சாலையை எவ்வளவு அகலமாக்கினாலும் சென்னை பக்கத்தில் வந்துவிடுமா? ஆட்டத்துக்குக் குறைந்த டேட்டாவே போதும்.

ஆனால், சாலையில் நெரிசல் ஏற்பட்டால் எல்லாரும் தாமதமாகத்தானே போக முடியும்? அக்கா வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார். தாத்தா படம் பார்த்துக்கொண்டிருப்பார். போதாததற்குப் போன் தானாகவே அப்டேட் செய்துகொண்டிருக்கும். உங்கள் ஆட்டப் பொட்டலம் வரிசையில் கடைசியில் நிற்கும். சில பொட்டலங்கள் வழியிலேயே தொலைந்தும் போகும். அப்போதுதான் பொம்மை ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் குதிக்கிறது.

வைத்தியம் பார்ப்போமா?

1. பல ஆட்டங்களில் திரையின் ஓரத்தில் பிங் எண் தெரியும். எண் குறைவாக இருந்தும் படம் திணறினால், கோளாறு இணைப்பில் இல்லை, போனில். மற்ற செயலிகளை மூடுங்கள். போன் சூடாகியிருந்தால் ஆறவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது விளையாடாதீர்கள்.

2. வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பிங் குறைந்தால், குற்றவாளி சுவர்தான். இரும்பு பீரோவாகவும் இருக்கலாம். பெட்டியை வீட்டின் நடுவில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவர் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் விளையாடினால் வயர் மூலம் இணைப்பதே சிறந்தது.

3. வீட்டில் எல்லாரிடமும் கேட்டு, மற்ற போன்களில் இணையத்தை 5 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சரியானால், நெரிசல் வீட்டுக்குள்ளேதான்.

4. காலையில் நன்றாக இருந்து இரவு 8 மணிக்கு மட்டும் தகராறு செய்தால், நெரிசல் வெளியே. டவரையோ கேபிளையோ பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள்.

5. ஆட்டத்தின் அமைப்பில் சர்வர் இடத்தைத் தேர்வு செய்ய முடிந்தால், பக்கத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

6. மற்ற செயலிகள் எல்லாம் ஓடுகின்றன, ஆட்டம் மட்டும் திறக்கவில்லையா? வேறு ஊர் நண்பரிடம் கேளுங்கள். அவருக்கும் அப்படியே என்றால் சர்வரில் கோளாறு. காத்திருப்பதே மருந்து.

முக்கியமான விஷயம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாது. அறிவியல் சோதனையின் முதல் விதியே இதுதான்!

மலையின் கதை வேறு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. டவர் ஒரு பக்கமும் வீடு மலையின் மறு பக்கமும் இருந்தால், ரேடியோ அலை பாறையைத் துளைத்து வராது. கொஞ்ச நஞ்ச அலைதான் வளைந்து நெளிந்து வரும். பொட்டலங்கள் தொலையும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். மின்சாரம் நீண்ட நேரம் நின்று, டவரின் பேட்டரியும் தீர்ந்தால் அதுவும் இல்லை. மேலே சொன்ன ஆறு வைத்தியத்தையும் நம் வெள்ளிமலை நண்பன் செய்தாலும் மலையை நகர்த்த முடியாதே! நாடு முழுவதும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2022-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அவ்வளவு கிராமங்களில் இந்தக் குறை இருந்திருக்கிறது என்றால், இது ஒரு பையனின் தப்பா, சொல்லுங்கள்!

சிக்னலுக்காகப் பாறை, மரம், தண்ணீர்த் தொட்டி மீது ஏறவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் மேட்டில் நிற்கக் கூடாது. 'பிங்கைக் குறைக்கிறோம்' என்று ஆசை காட்டும் செயலிகளைப் பெரியவர்களைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

உலகப் போட்டியிலும் இப்படித்தான்!

2020 ஆகஸ்ட் 30. கொரோனா காலம் என்பதால் செஸ் ஒலிம்பியாட் ஆன்லைனில் நடந்தது. இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. நம் அணியில் சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்தார்கள். முதல் சுற்று 3-3 என்று சமம். இரண்டாவது சுற்றில் 16 வயது நிஹால் சரினுக்கும் 14 வயது திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. கடிகாரம் மட்டும் ஓடி நேரம் தீர்ந்துவிட, இருவரும் தோற்றதாகக் கணக்கு. ரஷ்யாவே வெற்றி என்று முதலில் அறிவித்தார்கள்.

இந்தியா முறையிட்டது. உலக செஸ் கூட்டமைப்பு விசாரித்தது. அன்று உலக அளவில் இணையக் கோளாறு ஏற்பட்டுப் பல நாடுகள் பாதிக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் மேல் தப்பில்லை! கூட்டமைப்பின் தலைவர் அர்காடி துவார்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கப் பதக்கம் என்று முடிவு செய்தார். அந்தத் திவ்யாதான் 2025-ல் மகளிர் உலகக் கோப்பை செஸ்ஸை வென்றார்.

உலகப் போட்டியிலேயே விசாரித்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே! நண்பனின் பொம்மை நின்றால் முதலில், "உன் பிங் எவ்வளவுடா?" என்று கேளுங்கள். "லைன் கட்டானால் மறுபடி ஆடுவோம்" என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவையுங்கள். அவன் பக்கம் சிக்னல் மந்தமாக இருந்தால், மாறி மாறிக் காய் நகர்த்தும் செஸ் போன்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் 300 மில்லி செகண்ட் தாமதம் யாரையும் தோற்கடிக்காது.

என்ன குழந்தைகளே, செய்வீர்கள்தானே?