'பெர்ஹாப்ஸ்' என்னும் ஆங்கில ஐயச்சொல்லும் தமிழில் அதன் நிகரன்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ஐயத்தை உணர்த்தும் 'பெர்ஹாப்ஸ்' என்னும் சொல்லைத் தமிழில் 'ஒருவேளை' எனப் பெயர்ப்பது பெருவழக்கு. அச்சொல்லின் பயன்பாடுகள் பலவாதலின் நிகரனும் இடத்திற்கேற்ப வேறுபட வேண்டும் என்பதையும், தமிழில் ஐயப்பொருளின் முதன்மை இடம் வினைமுற்றே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஐயப்பொருள், ஒருவேளை, துணைவினை, மொழிபெயர்ப்பு, ஆய்வுரைநடை.

முன்னுரை

ஒரு நூலின் காலத்தைப் பற்றி ஆங்கில அறிஞர் ஒருவர் 'பெர்ஹாப்ஸ்' என்னும் சொல்லை முன்வைத்து எழுதுகிறார் எனக் கொள்வோம். அதனை எடுத்தாளும் தமிழ்க் கட்டுரை அச்சொல்லை விடுத்து, 'இந்நூல் ஐந்தாம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது' என எழுதினால், அவர் ஊகமாகச் சொன்னது முடிவாகிவிடும். அடுத்து வருபவர் அம்முடிவின்மேல் தம் கருத்தை நிறுவுவார். ஆகவே இச்சிறு சொல்லின் பொருளெல்லையை அறிவது ஆய்வாளருக்கு இன்றியமையாதது.

சொல்லமைப்பு

'பெர்ஹாப்ஸ்' இரு மொழிக் கூறுகளால் ஆனது. 'பெர்' என்பது இலத்தீன் வழிவந்த முன்னொட்டு. 'வழியாக' எனப் பொருள்படும். 'ஹாப்' என்பது பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. நற்பேறு, தற்செயல் ஆகியவற்றைக் குறிக்கும். நிகழ்தலைக் குறிக்கும் 'ஹாப்பன்', மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஹாப்பி' ஆகிய சொற்களும் இவ்வேரினவே. இதன் இணைச்சொல்லாகிய 'மேபி', 'அவ்வாறு இருக்கலாம்' என்னும் தொடரின் சுருக்கம். பேச்சு வழக்கிற்கு நெருக்கமானது. 'பெர்ஹாப்ஸ்' எழுத்து வழக்கிற்கு உரியதாகக் கருதப்படுகிறது.

தமிழின் 'ஒருவேளை', 'ஒருகால்' ஆகியனவோ காலப்பெயர் அடியாகப் பிறந்தவை. ஆங்கிலச் சொல் தற்செயலையும் தமிழ்ச்சொல் காலத்தையும் அடிப்படையாகக் கொண்டு ஐயப்பொருளை எய்தியுள்ளன.

தொடரமைப்பு வேறுபாடு

ஆங்கிலத்தில் 'ஹி கேம்' என்னும் உறுதித்தொடரின் முன் 'பெர்ஹாப்ஸ்' சேர்ந்தால் அத்தொடர் ஐயத்தொடராகிவிடும், வினை மாறுவதில்லை. தமிழில் 'ஒருவேளை அவர் வந்தார்' என்பது நிரம்பாத் தொடராகவே ஒலிக்கிறது. 'ஒருவேளை அவர் வந்திருக்கலாம்', 'வந்திருக்கக்கூடும்', 'வந்தாரோ என்னவோ' என வினைமுற்று மாறும்போதுதான் பொருள் நிரம்புகிறது. பழந்தமிழிலும் ஐயம் இடைச்சொல்லால் உணர்த்தப்பட்டது. 'கொல்' என்பதைத் தொல்காப்பிய இடையியல் ஐயப்பொருளுக்கு உரியதாகக் கூறும்.

அவ்வாறாயின் 'ஒருவேளை' மிகைச்சொல்லா? அன்று. 'அவர் முன்பே சொல்லியிருக்கலாம்' என்னும் தொடர் இருபொருள் படும்: சொன்னாரோ என்னும் ஐயம் ஒன்று, சொல்லாமற் போனாரே என்னும் குறை மற்றொன்று. 'ஒருவேளை' சேரும்போது ஐயப்பொருளே மேலோங்குகிறது. 'நீங்கள் உள்ளே வரலாம்' என்பதில் '-லாம்' இசைவையும் உணர்த்தும். 'பெர்ஹாப்ஸ்' இசைவுப்பொருள் தருவதில்லை. எனவே மயக்கம் நேரும் இடங்களில் 'கூடும்' என்னும் துணைவினை ஏற்றது.

மேலும், 'ஒருவேளை மழை பெய்தால்' என நிபந்தனையோடும் 'ஒருவேளை' இயல்பாக வரும். இத்தகைய இடத்தில் ஆங்கிலம் 'பெர்ஹாப்ஸ்' என்பதைப் பொதுவாக ஆள்வதில்லை. இரு சொற்களும் முற்றும் பொருந்துவன அல்ல என்பதற்கு இதுவும் சான்று.

ஐயமல்லாப் பயன்பாடுகள்

'பெர்ஹாப்ஸ்' எல்லா இடத்தும் ஐயத்தைக் குறிப்பதில்லை. எண்ணுப்பெயரின் முன் அது தோராயத்தைக் காட்டும்; அங்கு 'ஐம்பது பேர் இருப்பர்' என எதிர்கால வினையே போதும். 'மிகச் சிறந்த' போன்ற உயர்நிலை அடைகளின் முன் அது ஆசிரியரின் அடக்கத்தைக் காட்டும்; 'எனலாம்' என்பது அதற்குப் பொருந்தும். பிறருக்கு யோசனை கூறுமிடத்தில் அது பணிவுக் குறிப்பாகும். அங்கு 'சற்றுக் காத்திருக்கலாமே' என ஏகாரம் அப்பணியைச் செய்கிறது. இவ்விடங்களில் 'ஒருவேளை' எனப் பெயர்த்தால் இல்லாத ஐயம் புகுந்துவிடும்.

ஐயத்தின் அளவு

'பெர்ஹாப்ஸ்' இரு பக்கத்தையும் திறந்து வைக்கும். 'ப்ராபப்ளி' ஒரு பக்கம் சாயும். பின்னதையும் 'ஒருவேளை' என்றே பெயர்த்தால் மூல ஆசிரியரின் உறுதி குறைந்துவிடும். 'பெரும்பாலும்' எனலாம், ஆயினும் 'அவர் பெரும்பாலும் மாலையில் வருவார்' என்பதில் அது வழக்கத்தைக் குறிப்பதால், 'வர வாய்ப்பு மிகுதி' என விரித்தெழுதுவது தெளிவு தரும்.

ஒரே மொழியினரிடையேயும் இவ்வளவு மாறுபடும். அமெரிக்க உளவுப் பகுப்பாய்வாளர் ஷெர்மன் கென்ட் இதனை 1964ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதிவு செய்துள்ளார். 1951இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நிகழக் கருதத்தக்க வாய்ப்பு உண்டு என்னும் பொருள்பட ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அத்தொடரால் அவர் கருதியது 65க்கு 35 என்னும் அளவு. உடன் உருவாக்கியோரைக் கேட்டபோது விடைகள் 20க்கு 80 முதல் 80க்கு 20 வரை வேறுபட்டன. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு இக்குழப்பத்தைத் தவிர்க்க 'லைக்லி' என்பதற்கு 66 விழுக்காட்டிற்குக் குறையாத வாய்ப்பு என வரையறுத்தது. அந்த அளவுகோலில் 'பெர்ஹாப்ஸ்' இடம்பெறவில்லை.

முடிவுரை

'பெர்ஹாப்ஸ்' என்பதற்கு ஒற்றை நிகரன் தேடுவதைவிட, அது அவ்விடத்தில் ஐயம், தோராயம், அடக்கம், பணிவு ஆகியவற்றுள் எதனை உணர்த்துகிறது எனக் காண்பதே முதற்பணி. ஐயமாயின் அதனை வினைமுற்றில் அமைத்து, மயக்கம் நேரும் இடத்தில் மட்டும் 'ஒருவேளை' சேர்க்கலாம். தமிழ் ஆய்வுரைகளில் உறுதியான முடிவுகளுக்கும் 'எனலாம்' என முடிக்கும் வழக்கம் மிகுந்துள்ளது. உறுதிக்கும் ஊகத்திற்கும் ஒரே முடிபு வருமானால், உண்மையான ஐயத்தைப் படிப்போர் அடையாளம் காண இயலாது. சான்றின் வலிமைக்கேற்ப முடிபைத் தேர்வது மொழிநடைக்கு மட்டுமன்றி ஆய்வு நேர்மைக்கும் உரியதாகும்.