சிப்பிமேடுகள் உணர்த்தும் தொல்கடற்கரை வாழ்வு: குவார் கெப்பாவை முன்வைத்து

முன்னுரை

எழுத்து தோன்றுமுன் கடலோரத்தில் வாழ்ந்த மக்களைப் பற்றி அறிவதற்கு, அவர்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் தலையாய சான்றாக விளங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்திலேயே எறியப்பட்ட ஓடுகள் குவிந்து மேடாகும்போது அதனைச் சிப்பிமேடு என்கிறோம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை வட்டாரத்தில், மூடா ஆற்றுக்குத் தெற்கே உள்ள குவார் கெப்பா இத்தகைய இடமாகும். வடபுல மலாய் வழக்கில் ‘குவார்’ என்பது மேட்டையும், ‘கெப்பா’ என்பது ஒருவகை மட்டியையும் குறிக்கும். எனவே, ஊர்ப்பெயரே முதற்சான்றாக அமைந்துவிடுகிறது. இம்மேட்டின் வழி அறியப்படுவன யாவை, அறிய இயலாமற் போனவை யாவை என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

ஓடுகள் கூறும் செய்திகள்

மேடு இயற்கையாக அமைந்ததா, மனிதரால் உருவானதா என்பதே முதல் வினா. அலை ஒதுக்கிய திட்டில் சிறியவும் பெரியவுமாகப் பல இன ஓடுகள் தேய்ந்த நிலையில் கலந்து கிடக்கும். மனிதர் குவித்த மேட்டிலோ உண்ணத்தக்க சில இனங்களே, பெரும்பாலும் வளர்ந்த அளவில் மிகுந்திருக்கும். சாம்பல், மீன் எலும்பு, மட்கல ஓடு, கற்கருவி ஆகியனவும் உடன் கிடைக்கும்.

சிப்பியின் ஓடு அது வாழ்ந்த சூழலுக்கும் சான்றாகும். சேற்று நிலத்தில் வாழும் இனம் வேறு. மணற்கரையில் வாழும் இனம் வேறு. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளையும் அதிலுள்ள உயிர்வளியின் ஓரிடத்தான்களையும் ஆராய்ந்து, அது எப்பருவத்தில் சேகரிக்கப்பட்டது என்பதையும் பல இடங்களில் கணிக்க முடிகிறது. இன்று குவார் கெப்பா கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்துள்ளது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் இத்தீபகற்பத்தின் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது என்பதை நோக்க, அம்மக்கள் கரையை ஒட்டியே வாழ்ந்தனர் எனக் கொள்வது பொருந்தும்.

எனினும், ஓடுகளின் மிகுதி கண்டு அவர்கள் சிப்பியை மட்டுமே உண்டு வாழ்ந்தனர் என முடிவு கட்டலாகாது. ஒரு செம்மான் தரும் உணவாற்றலைப் பெற 50,000-க்கும் மேற்பட்ட சிப்பிகள் வேண்டும் என்பது பிரித்தானியத் தொல்லியலார் ஜெஃப்ரி பெய்லியின் கணக்கு. கிழங்கும் கனியும் மக்கிப் போகும். ஓடு மட்டுமே எஞ்சும். காலக்கணிப்பிலும் எச்சரிக்கை தேவை. கடல்நீரிலுள்ள பழைய கரிமத்தை ஏற்பதால், திருத்தம் செய்யாவிடில் ஓடு தன் உண்மைக் காலத்தினும் சில நூறு ஆண்டுகள் முந்தியதாகத் தோன்றும்.

காத்த சுண்ணாம்பும் அழித்த சுண்ணாம்பும்

வெப்பமண்டலத்தின் அமிலத்தன்மை வாய்ந்த மண்ணில் எலும்பு விரைவில் கரைந்துவிடும். சிப்பிமேட்டில் ஓடுகளின் சுண்ணாம்புச் சத்து அவ்வமிலத்தைத் தணிப்பதால் எலும்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கின்றன. குவார் கெப்பாவில் மனித எலும்புகள் கிடைத்தமைக்கு இதுவே காரணம்.

அதே சுண்ணாம்பே மேட்டின் அழிவுக்கும் காரணமாயிற்று. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் தொழில் தமிழர்க்கும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் இம்மேடுகளின் ஓடுகள் சூளைக்காகப் பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டன. ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் இம்மேடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1863இல் வெளிவந்தது. அங்குக் கிடைத்த எலும்புகளைத் தாமஸ் ஹக்ஸ்லி ஆராய்ந்தார். 1934இல் வான் ஸ்டெய்ன் காலன்ஃபெல்ஸ் மூன்று மேடுகளில் அகழாய்வு நிகழ்த்தினார். இவ்விடத்து எலும்புக்கூடுகள் பின்னர் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றன.

இவ்வளவுக்குப் பின்னும் மேடு முற்றும் வறிதாகவில்லை. 2017இல் காட்சியகம் அமைப்பதற்கான பணியின்போது மேலும் ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்த அது ‘பினாங்குப் பெண்’ எனப் பெயர் பெற்றது. அதன் காலம் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

சிப்பி ஓட்டின் மதிப்பு அது கிடந்த அடுக்கில் உள்ளது. எதன்மேல் கிடந்தது, எதனோடு கிடந்தது என்பன அறியப்படும்வரை அது சான்று. அவ்விடத்தை விட்டு அகற்றப்பட்டால் வெறும் ஓடு. சூளைக்குச் சென்றவற்றின் அடுக்கு வரிசையை எந்த ஆய்வுக்கூடமும் இனி மீட்டளிக்க இயலாது. மாணவர்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அரும்பொருள்களைக் காட்டுவதோடு அமையாமல், ஓர் ஓட்டையும் நினைவுப் பொருளாக எடுத்து வரலாகாது என்பதையும் அதற்குரிய காரணத்தையும் கற்பித்தல் வேண்டும். மேட்டில் எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு அதுவே நம்மால் இயன்ற முதற்பணி எனலாம்.