‘இடம் உள்ளது’ எனக் காட்டிய ரயிலில் காத்திருப்போர் பட்டியல் கிடைப்பது ஏன்?

கொல்கத்தா: வேலூர், சென்னை மருத்துவமனைகளில் சிகிச்சை பெற மேற்கு வங்கத்தில் இருந்து ஏராளமானோர் ரயிலில் வருகின்றனர். தட்கல் முன்பதிவின்போது அவர்களில் பலர் சந்திக்கும் ஏமாற்றம் ஒன்றுண்டு. கைப்பேசித் திரையில் இடங்கள் இருப்பதாகத் தெரியும். பணம் செலுத்தியதும் காத்திருப்போர் பட்டியல் எண்ணே வந்து சேரும். முறைகேடு எதுவும் இல்லாமலேயே இவ்வாறு நிகழக்கூடும்.

ரயில்வேயின் முன்பதிவுத் தரவு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 மையங்களில் பிரித்து வைக்கப்பட்டது. 1985-இல் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, 1999 ஏப்ரலில் ‘கன்சர்ட்’ மென்பொருள் வழியாக 5 மையங்களையும் இணைத்தது. ஒரு ரயிலின் படுக்கைக் கணக்கு ஒரு மையத்தில் மட்டுமே இருக்கும். கொல்கத்தா மையத்துக்குரிய ரயிலுக்குச் சென்னை கவுன்ட்டரில் பயணச்சீட்டு கேட்டால், கோரிக்கை கொல்கத்தாவுக்கே செல்லும். இரண்டு அசல் கணக்குகள் இருந்தால் ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்பட்டுவிடும்.

ஆனால், பயணச்சீட்டு வாங்குவோரைவிட இடம் இருக்கிறதா என்று பார்ப்போரே மிக அதிகம். சுழலும் வட்டில் இருந்து ஒரு தகவலை எடுக்கச் சில மில்லி விநாடிகள் ஆகும். கணினியின் நினைவகத்தில் இருந்து எடுப்பது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு விரைவானது. எனவே, அடிக்கடி கேட்கப்படும் விவரங்களின் நகல் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. அங்கே இல்லாதபோதுதான் வட்டை நாட வேண்டும். ஐஆர்சிடிசி 2014-இல் அறிமுகப்படுத்திய புதிய இணைய முன்பதிவு அமைப்பிலும் நினைவகத் தரவுத் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது. நிமிடத்துக்கு 2,000 பயணச்சீட்டுகள் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. நகல் சில கணங்கள் பழையதாக இருக்கலாம். சாதாரண நாள்களில் அது பொருட்டல்ல. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கும்போது அந்தச் சில கணங்களில் நிலவரமே மாறிவிடும். படுக்கையை ஒதுக்கும்போது நகலை நம்ப முடியாது. அசல் கணக்கைப் பூட்டி, படுக்கையை ஒதுக்கி, வட்டில் எழுதிய பிறகே பிஎன்ஆர் எண் வழங்கப்பட வேண்டும். மின்சாரம் தடைபட்டால் நினைவகம் அழியும், வட்டுப் பதிவு நிலைக்கும். பணம் செலுத்தும் நேரத்தில் படுக்கை எவருக்கும் ஒதுக்கி வைக்கப்படுவதில்லை என்பதால் இடைவெளி மேலும் நீள்கிறது.

உறுதியான இடம் கிடைத்தால் மட்டுமே பதிவு செய்க என்ற தெரிவு ஐஆர்சிடிசி முன்பதிவுப் பக்கத்தில் உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்தால், இடம் இல்லாதபோது பயணச்சீட்டு பதிவாகாது. செலுத்திய பணம் கணக்குக்குத் திரும்பும்.